சேலையில் கால், துண்டில் பாதி

அனுசியா: "...ஜூலை 14, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். சேலையில் கால் பாகம் பெரிதா, தோள் துண்டில் பாதி பெரிதா என்று படம் வரைந்து வீட்டுக்கணக்கு கொடுத்திருந்தேன். சேலையில் கால் என்று எழுதிய ப்ரியாவுக்குத் தப்பு போட்டேன். வீட்டில் சேலையை மடிக்கும்போதுதான் உறைத்தது..."

ராஜேஸ்வரி: இரு, இரு. தறிச் சத்தத்துல பாதி கேக்கல. நிப்பாட்டிக்கிறேன்... ம். டைரியெல்லாம் எழுதுவீகளோ டீச்சரு?

அனுசியா: தெனமும் ஒரு பக்கம்க்கா. சாயங்கால வகுப்பு முடிஞ்சதும்.

ராஜேஸ்வரி: தப்ப மட்டுமா?

அனுசியா: சரியா நடந்ததும் எழுதுவேன். அது ரெண்டு வரியில முடிஞ்சிரும்.

ராஜேஸ்வரி: பாவந்தான்.

அனுசியா: உங்க மக ப்ரியா ஏன்க்கா ரெண்டு நாளா வகுப்புக்கு வரல?

ராஜேஸ்வரி: காய்ச்சல்.

அனுசியா: இப்ப வாரப்ப தெருமுக்குல கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கிட்டிருந்தா.

ராஜேஸ்வரி: மத்தியானந்தான் எறங்குச்சு.

அனுசியா: நேத்து பாலவனத்தம் அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னீகளே.

ராஜேஸ்வரி: அங்க போயித்தான் காய்ச்சலே வந்துச்சு.

அனுசியா: அக்கா... அவளுக்கு எம்மேல கோவமா? பன்னெண்டு பிள்ளைகள்ல அவ ஒருத்திதான் யோசிச்சு எழுதுனவ. அவளே நின்னுட்டா நான் எதுக்கு போர்டத் தூக்கிக்கிட்டு அலையணும்?

ராஜேஸ்வரி: நீ போட்ட படம் அப்படி. சேலைக்கும் ஒரு கட்டம், துண்டுக்கும் அதே நீளத்துல ஒரு கட்டம்.

அனுசியா: வெறும் காகித நாடான்னு விட்டிருந்தா பாதிதான் பெருசுன்னு சரியா வந்திருக்கும். பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச சாமானாச்சேன்னு சேலை, துண்டுன்னு பேரெழுதுனேன்.

ராஜேஸ்வரி: தறிக்காரத் தெருவுல வந்து அப்படி எழுதலாமா? சேலை ஆறு கெசம். நாலா மடிச்சா ஒண்ணரை. துண்டு ரெண்டு கெசம். பாதி ஒண்ணு. எது பெருசு?

அனுசியா: ஒண்ணரை.

ராஜேஸ்வரி: பெறகு எதுக்கு செவப்பு மை?

அனுசியா: அதத்தான் எழுதியிருக்கேன்...

ராஜேஸ்வரி: நீ பாட்டுக்கு எழுதிட்ட. கூடப் படிக்கிற சங்கரி மக சிரிச்சிருக்கா. ப்ரியாவுக்குக் கோவம் வந்தா வீட்டுல பேசுற தெலுங்கு, அழுகை வந்தா தமிழு. அன்னைக்கு ரெண்டும் சேந்து வந்துச்சு. நோட்ட என் மூஞ்சியில எறியுறா.

அனுசியா: உங்க மூஞ்சியிலயா? தப்பு போட்டது நானு.

ராஜேஸ்வரி: ...பக்கத்துல நான்தான இருந்தேன்.

அனுசியா: ம்.

ராஜேஸ்வரி: என்ன ம்மு?

அனுசியா: ஒண்ணுமில்ல. நேத்து போர்டுல 'ப்ரியா சொன்னதே சரி'ன்னு எழுதிட்டேன். சங்கரி மகதான் வாசிச்சா. அதக் கேக்க ப்ரியா இல்ல.

ராஜேஸ்வரி: நெசமாவா? எல்லார் முன்னாடியுமா?

அனுசியா: ஆமாக்கா. உங்க செல்லுல ஒரு கணக்கு விளையாட்டு ஏத்திக் குடுத்தேனே, கட்டத்த அடுக்கிப் பின்னம் போடுறது. அதையும் விட்டுட்டாளா?

ராஜேஸ்வரி: அவ தொடுறதே இல்ல.

அனுசியா: நீங்க?

ராஜேஸ்வரி: எனக்கு அதுல எங்கிட்டு அமுக்கணும்னே தெரியாது.

அனுசியா: சரிக்கா. அப்ப நான் வாரேன்.

ராஜேஸ்வரி: இந்தா, ஒரு நிமிசம்... அந்த ஆறாவது படியில முக்காலையும் காலையும் சேத்து வச்சா முழுசாகணும்ல? ஏன் செவப்பா எரியுது?

அனுசியா: கால் கட்டத்த அடியில வைக்கணும்க்கா. எரியுதுன்னு யாரு சொன்னா?

ராஜேஸ்வரி: ...ப்ரியா. முந்தி.

அனுசியா: முந்தி.

ராஜேஸ்வரி: அனு, சொன்னா சிரிக்கக் கூடாது. அந்தக் கணக்கு அவ போட்டதில்ல. அவ தூங்கிட்டா. படத்தப் பாத்ததும் எனக்குக் கை நிக்கல, பென்சில்ல எழுதிட்டேன். காலையில அவ அப்படியே பேனாவுல ஏத்திட்டா. அஞ்சாவதோட நின்னவ போட்ட கணக்குக்குப் பிள்ளை சிரிப்பு வாங்குதேன்னுதான்... நான்தான் அவள அனுப்பல.

அனுசியா: தெரியும்க்கா. அந்த விளையாட்டுல ப்ரியா பேருல பகல் பதினோரு மணிக்கு நட்சத்திரம் விழுதுன்னு என் செல்லுக்கு வருது. அந்நேரம் அவ பள்ளிக்கூடத்துல இருக்கா. இன்னைக்குப் பக்கத்துல கடைசி வரிய மட்டும் படிக்கேன், கேளுங்க: "நாளை, வெள்ளி. ஆறு கெச நூல் ஒன்று, இரண்டு கெச நூல் ஒன்று எடுத்துப் போக வேண்டும். ப்ரியாவை வரச் சொல்ல வேண்டும். நூலை மடித்துக் காட்ட அவள் அம்மாவையும்."