இரண்டு லைனும் ஒரு மாப்பிள்ளையும்

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கண்டதையும் வீட்டுக்குள் விடுகிறவன் இல்லை நான். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் என் நிதானம் உங்களுக்கே தெரியும், சகலை. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக வந்து, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்கிறேன். டீ ஆறுகிறது, முதலில் குடியுங்கள்.

எங்கள் வீட்டில் நெட் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. என் மனைவி ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறாள். அத்தை சாப்பிடும்போதுகூட தன் தங்கையோடு வீடியோவில் பேசுகிறார். வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்த மச்சினன் எப்போதும் ஏதாவது ஒன்றை டவுன்லோடு செய்துகொண்டிருப்பான். "இன்னொரு கம்பெனில ஒரு லைன் வாங்கிப் போட்டா என்னங்க? ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்ல" என்றாள் மனைவி. வாங்கினோம். அப்புறமும் எல்லோரும் பழைய லைனிலேயே தொங்கிக்கொண்டிருந்தார்கள். புது லைன் பெட்டி பச்சை விளக்கோடு சும்மா கிடந்தது.

நான் சூப்பர் மார்க்கெட்டில் பில் கவுன்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரு கவுன்டரில் கூட்டம் நெரிய, பக்கத்துக் கவுன்டர்காரி நகம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பொறுக்காது. "நீங்க இங்க வாங்க, நீங்க அங்க போங்க" என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. நெட்டுக்கும் அப்படி ஒரு ஆள் உண்டு, அதற்கு லோடு பேலன்சர் என்று பெயர் என்று படித்தபோது, என் சொந்தக்காரன் ஒருவனைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

"அம்மா போன்ல வைஃபை பேரை மாத்திவிட்டா முடிஞ்சுபோச்சு. அதுக்கு எதுக்குங்க இவ்ளோ?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் டவுன்லோடு செய்ய ஆரம்பித்தேன்.

இலவசமாகக் கிடைக்கும் லோடு பேலன்சர் மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதலாவது, பெயருக்குத்தான் இலவசம். நன்றாகப் பழகிய பிறகு கார்டு நம்பர் கேட்டது. அடுத்தது உண்மையிலேயே இலவசம். ஆனால் அதில் சந்தேகம் கேட்டால், முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ வந்து, இதுகூடத் தெரியாமல் ஏன் இதைத் தொட்டாய் என்று திட்டினார். அதை நிறுவிய வாரத்தில் வீட்டில் நெட்டே இல்லை. மனைவி பக்கத்து வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பின்னக் கணக்கு நடத்தினாள். கடைசியில் ஒன்று அமைந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கட்டம். கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலக் குமிழ். வலது பக்கம் தள்ளினால் அவர்களுக்கு வேகம், இடது பக்கம் தள்ளினால் மந்தம். அத்தையின் பெயரைத் தட்டச்சு செய்து, பக்கத்தில் அந்தக் குமிழைப் பார்த்தபோது, இதுதான் நமக்கு என்று தோன்றிவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அதில் ஏற்றினேன். நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டோம். நெட் ஆறு மாதிரி ஓடியது. டியூஷன் தடங்கலில்லாமல் நடந்தது. அத்தை தங்கையோடு மணிக்கணக்கில் பேசினார். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சகலை. தண்ணீர் வருகிற குழாயை யாரும் பாராட்டுவதில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. அத்தையின் தங்கை, யாரோ யாரையோ விட்டுவிட்டு ஓடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறைக்குள் உட்கார்ந்து என் போனிலிருந்தே அத்தையின் குமிழை மெல்ல இடது பக்கம் நகர்த்தினேன். சோதித்துப் பார்க்கத்தான். திரையில் தங்கையம்மாள் வாயைத் திறந்தபடி உறைந்து போனார்.

"மாப்பிள்ளை! கொஞ்சம் வந்து பாருங்களேன், யாரோடன்னு சொல்றதுக்குள்ள நின்னுபோச்சு!"

எழுந்து போனேன். மேசையருகே நின்று, இரண்டு வயர்களைத் தொட்டுப் பார்த்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் குமிழை வலது பக்கம் தள்ளினேன். தங்கையம்மாள் உயிர்பெற்றார். "எங்க மாப்பிள்ளை கை பட்டாப் போதும்" என்று அத்தை திரையைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் கையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் வேலை இருந்தது. மனைவி விடை சொல்லப் போகும் நேரம், மச்சினன் விளையாட்டில் ஜெயிக்கப் போகும் நேரம் என்று கவனித்துச் செய்ய வேண்டும். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்று இல்லாமல் சமமாகப் பங்கிட்டேன். அந்த விஷயத்தில் என்மேல் குறை சொல்ல முடியாது.

மச்சினனுக்கு நேர்முகத் தேர்வு வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை, இருட்டிய பிறகுதான். வெகுகாலம் அலைந்தபின் கிடைத்த அழைப்பு. இஸ்திரி போட்ட சட்டையும் அரைக்கால் சட்டையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். திரையில் மூன்று பேர். அவன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். என் திட்டம் எளிமையானது: சற்று நிறுத்துவது, ஓடிப்போய்ச் சரிசெய்வது, அவன் ஆயுள் முழுக்க அதை நினைத்துக்கொள்வது. குமிழைத் தள்ளிவிட்டுக் கதவோரம் நின்றேன்.

அவன் என்னைக் கூப்பிடவில்லை. போனை எடுத்து, அதிலிருந்த நெட்டைத் தன் லேப்டாப்புக்குக் கொடுத்து, "சாரி மேடம், சொல்லுங்க" என்று தொடர்ந்தான். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. இருட்டிலும் பேசிக்கொண்டே இருந்தான். வேறு வழியில்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போய் நின்று, "கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"யார் இது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"எங்க அத்தான் மேடம். வீட்ல நெட் எல்லாம் அவர்தான் பாத்துக்கறார்."

"நல்லதாப் போச்சு. சார், இது வீட்லேருந்து பாக்கற வேலை. உங்க வீட்ல நெட் நிக்காம இருக்குமா?"

மச்சினன் திரும்பி என்னைப் பார்த்தான். இருக்கும் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இருக்கும் என்றால், நான் எதற்கு?

"நான் வீட்ல இருந்தா இருக்கும்" என்றேன்.

"நீங்க எப்ப இருப்பீங்க?"

"செவ்வாய்க்கிழமைல."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை வேறு யாருக்கோ போயிற்று. மச்சினன் சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அவனுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகமும் வைத்தேன்.

கண்டுபிடித்தது அத்தைதான். குற்றம் சொல்லும் எண்ணம்கூட அவருக்கு இல்லை. சாப்பிடும்போது, "இந்த நெட்டுக்குச் செவ்வாய்க்கிழமையானா உடம்புக்கு ஆகறதில்ல பாவம். மாப்பிள்ளை வேலைக்குப் போற நாள்ல துள்ளிக்கிட்டு ஓடுது" என்றார். மனைவி சாப்பிடுவதை நிறுத்தினாள். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்தேன். கொஞ்சம் அதிகமாகவே குடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மறுநாள் மூன்று பேரும் பெட்டி கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது இங்கே இரண்டு லைன், ஒரு ஆள். யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை.

முழுவதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பழம் வாங்கிக்கொண்டு அத்தையைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தேன் அல்லவா? போனைச் சார்ஜ் போடுகிற சாக்கில், உங்கள் நெட் பெட்டிக்குப் பின்னால் என் குமிழுக்குக் கட்டுப்படுகிற சின்னக் கருவி ஒன்றைச் செருகிவிட்டு வந்தேன். இதுவும் இலவசமாக ஓடுவதுதான், நீங்கள் எதுவும் தர வேண்டாம். நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டில் நெட் நின்றது என்னால்தான். உங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, கையில் போனை வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. மெல்ல நடந்து வந்து உங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தீர்கள். அத்தை ஏதோ சொல்ல, என் மனைவி கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நெட் இல்லாமல் ஒரு குடும்பம் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறது என்றால், உள்ளுக்குள் எவ்வளவு உடைந்து போயிருப்பீர்கள், சகலை.