அவளுக்கு வந்த அழைப்புகள்

உங்கள் போனுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், மேடம். ஸ்டார், ஹாஷ், இருபத்தொன்று, ஹாஷ். அழுத்தினால் திரையில் தெரிந்துவிடும். போன் கம்பெனி கவுன்டரில் நாள் முழுக்க இதைச் சொல்வதுதான் என் வேலை.

தங்கச்சியின் போனுக்கு வரும் அழைப்புகள் என் போனுக்கு வரும்படி ஃபார்வர்டிங் போட்டது நான்தான். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. மெசேஜிலும் அவள் காதலிக்கிறவனை பிளாக் செய்தேன். மற்றவர்கள் கூப்பிட்டால் நானே ஏதாவது சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்காக அப்பா யார் யார் வாசலில் நின்றார் என்று எனக்குத் தெரியும். இவளுக்கு நான் போட்ட பாதை. அதில் போய் ஒரு லாரி டிரைவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே குரல். அப்பாவே போனில் ஏமாறுவார். அவன் கூப்பிட்டதும், "இனிமே எனக்குக் கூப்பிடாத" என்றேன்.

"யாருகிட்டடி திட்டு வாங்கின, காலையிலயே?" என்று சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

ஏற்கெனவே அவர்களுக்குள் ஏதோ சின்னச் சண்டையாம். இவள் ரோஷக்காரி, அவனே கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கடைசியில் போனை என்னிடமே நீட்டினாள்.

"ஒரு காலும் வரலக்கா. ஊருக்கெல்லாம் பாத்துக் குடுக்கறல்ல, இதையும் பாரேன்."

பார்த்தேன். திரையில் என் நம்பர் இருந்தது.

"போனுக்கு ஒண்ணுமில்ல. கூப்பிடத்தான் ஆளில்ல" என்றேன்.

லாரி கவிழ்ந்த செய்தியும் எனக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் அம்மா பேசினாள். "ஒரு தடவ முகத்தக் காட்டிட்டுப் போம்மா. கதவையே பாத்துட்டுக் கெடக்கான்."

"வரேன் அத்தை" என்றேன். முடியாது என்றால் விடாமல் கூப்பிடுவார்கள். மறுநாளும் பேசினாள். "கிளம்பிட்டேன்" என்றேன். அதற்கப்புறம் அழைப்பு இல்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகுதான் தங்கச்சிக்குத் தெரிந்தது. அழுதுகொண்டு ஓடியவளை, "வரேன்னு சொல்லிச் சொல்லியே ஏமாத்திட்டியேடி" என்று அவன் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாளாம். அங்கிருந்து நேரே உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

அவள் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் ஃபார்வர்டிங்கை எடுத்துவிடாதீர்கள், மேடம். விவரம் தெரியாத பெண். கண்டவனும் கூப்பிடுவான்.