கொன்றவன் பெயர் இருந்த பக்கம்

நான் எந்தப் புத்தகத்தின் பக்கத்தையும் மடித்து வைத்ததில்லை. பஸ் டிக்கெட், ஊதுவத்தி உறை, கல்யாணப் பத்திரிகையில் கிழித்த துண்டு என்று எதையாவது அடையாளம் வைப்பேனே தவிர, தாளின் முனையை மடிப்பவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அமலா. நான் புத்தகங்களுக்கு எதிரி என்று நீ நினைத்துவிடக் கூடாது.

எழுதிக் கொடுங்கள் என்றாய். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஓர் அரசாங்க ஆபீசில் ரிக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்டவன் நான். என் மூக்குக்குள் போன தூசியைச் சேர்த்து வைத்திருந்தால் கண்டமங்கலத்தில் அரைக்காணி நிலம் தேறியிருக்கும். எத்தனையோ பேருடைய வாக்குமூலங்களைத் தைத்து அடுக்கியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே குறைதான். பாதியில் எழுதியவன் அழத் தொடங்கிவிடுவான். அதற்குப் பிறகு விவரம் இருக்காது. நான் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பதினொரு பேர். விழுப்புரத்தில் ஆறு, திண்டிவனத்தில் ஐந்து. புதிதாக வந்து எல்லாரும் பேசுகிற புத்தகமாகப் பார்த்து மாதம் ஒன்று வாங்குவோம். பதினொரு பிரதியும் ஒரே பார்சலில் என் வீட்டுக்கு வரும். நான் பிரவுன் அட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டிக் கொடுப்பேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை இங்கே, ஒரு முறை திண்டிவனத்தில் ஒரு டுடோரியல் மாடியில் கூடி, படித்த புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வோம். விதி ஒன்றே ஒன்று. முடிவை யாரும் வெளியே சொல்லக் கூடாது. கடைசி அத்தியாயத்தை இன்னும் முடிக்காதவர்களுக்கு ருசி கெட்டுவிடும் என்று எங்கள் தலைவர் கோகுலகிருஷ்ணன் போட்ட விதி அது. தலைமை ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். விதி போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மீறினால் பதினொரு பேருக்கும் வடை வாங்கித் தர வேண்டும்.

ஒன்பது வருஷத்தில் ஒருவரும் ஒரு வடைகூட வாங்கித் தரவில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான் முளைத்தது. விழுப்புரத்தில் ஒரு வீட்டில் பால் பொங்கினால் விக்கிரவாண்டியில் பேச்சு வருகிற மாவட்டம் இது. இங்கே பத்துப் பேர், நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களின் முடிவை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூட உளறாமல் இருப்பார்களா?

கவனிக்கத் தொடங்கினேன். நான் போட்ட அட்டையைக் கழற்றி, புத்தகத்தின் பின்பக்கக் குறிப்பைப் படித்துவிட்டு மறுபடி மாட்டியிருப்பார்கள். மடிப்பு மாறியிருக்கும், எனக்குத் தெரியும். ஒரு முறை பதிப்பகத்தார் வேறேதோ புத்தகத்தின் குறிப்பைத் தவறுதலாகப் பின்னால் அச்சடித்துவிட்டார்கள். அன்றைய கூட்டத்தில் எட்டுப் பேர் அந்த வேறு புத்தகத்தைப் பாராட்டினார்கள். கதை கடலோரத்தில் நடக்கிறது, இவர்கள் மலைவாழ் மக்களின் துயரம் என்று கண்ணைத் துடைக்கிறார்கள். சத்தியமாக எட்டுப் பேர். ஆறாகவும் இருக்கலாம்.

எனவே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இந்த ஜனவரி மாதப் புத்தகம் ‘வெள்ளைக் குவியல்’. உப்பளத்தில் ஒரு கொலை, கொன்றவன் யார் என்று முந்நூறு பக்கம் தேடுகிறார்கள். முந்நூற்றொன்றாம் பக்கத்தில்தான் பெயர் வருகிறது. நான் ஒரு புது பிளேடு வாங்கி, என் பிரதியைத் தவிர மற்ற பத்துப் பிரதிகளிலும் இருநூற்றுத் தொண்ணூற்றேழிலிருந்து முந்நூற்றுப் பத்து வரை ஏழு தாள்களை அடியோடு எடுத்தேன். கடைசித் தாளில் பதிப்பகத்தின் விளம்பரம் இருந்தது. அதை மட்டும் விட்டுவைத்தேன்.

திண்டிவனத்தில் கூட்டம். முடிவு தன்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்றார் கோகுலகிருஷ்ணன். இன்சூரன்ஸ் போட்டுத் தரும் இளவரசி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, முடிவை மட்டும் இன்னும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பென்ஷன் ஆர்டர் வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை. சிரிப்பை அடக்கிய வேகத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்திருக்க வேண்டும்.

கடைசியாக உன் அம்மா எழுந்தார். திண்டிவனத்தில் ஒரு நர்சிங் ஹோமில் இருபத்தாறு வருஷமாக சிஸ்டர் சவுரியம்மாள். டூட்டிக்கு நடுவே படிப்பவர். கூட்டத்தில் அதிகம் பேசாதவர்.

“எல்லாரும் முடிவு முடிவுன்றீங்க. படிச்சிக்கினே வந்தேன், திடீர்னு விளம்பரம் வந்துடுச்சு. கொன்னது யாருன்னு என் புத்தகத்துல இல்லீங்களே.”

அப்போது அந்த அறையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பக்கம் இல்லை என்பது உண்மையானால் ஒன்பது பேரும் மாட்டிக்கொண்டார்கள். புத்தகங்கள் எல்லாம் மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தன. ஒருவர்கூட எடுத்துப் பிரிக்கவில்லை.

“சிஸ்டர், பேஷண்டுக்குப் போட வேண்டிய தூக்க ஊசியை நீங்களே போட்டுக்கினீங்களா?” என்றார் கோகுலகிருஷ்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே இருக்கும். உன் அம்மா விடவில்லை. பக்க எண்ணைக்கூடச் சொன்னார். அதற்குள் டீ வந்துவிட்டது, எல்லாரும் வராந்தாவுக்குப் போனார்கள். நான் பார்க்கிறேன் கொடுங்கம்மா என்று அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

ஒன்பது வருஷம் நடந்த வட்டம், அமலா. அன்றைக்கு உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே கலைந்திருக்கும். அவருடைய பெயர் ஒட்டிய அட்டையைக் கழற்றி என்னுடைய முழுப் பிரதிக்கு மாட்டினேன். படித்து முடித்த பிறகும் அவர் நாற்பதாம் பக்கத்தில் ஒரு காலி மாத்திரை அட்டையை அடையாளமாக விட்டு வைத்திருந்தார். அதையும் நாற்பதாம் பக்கத்திலேயே வைத்தேன். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

எல்லாரும் திரும்பி வந்ததும் பிரித்துக் காட்டினேன். முந்நூற்றொன்றாம் பக்கம், மூன்றாவது வரி. உன் அம்மா வாசித்தார். பிறகு அந்தத் தாளை விரலால் மெல்லத் தடவினார், ஊசி போடுமுன் நரம்பைத் தேடுவதுபோல. இருக்குதுங்க, மன்னிச்சிக்குங்க என்று பொதுவாக எல்லாரிடமும் சொன்னார். ஒன்பது பேரும் பெருந்தன்மையாக மன்னித்தார்கள். கொன்றவன் யார் என்று அவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை அவர் என்னோடு நடந்து வந்தார். “எங்க அம்மாவுக்கு அம்பத்திமூணு வயசுல இப்படித்தாங்க ஆரம்பிச்சது, சார். கடைசில என்னையே யாருன்னு கேட்டாங்க. எனக்கு வர்ற மே வந்தா அம்பத்திமூணு” என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் விழுப்புரம் பஸ் வந்து நின்றது, உட்கார இடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்தில் உட்கார இடத்தோடு ஒரு பஸ் வருவதென்பது பிறவிக்கு ஒரு முறை.

அதோடு விட்டிருப்பேன். பிப்ரவரிப் புத்தகத்தில் நான் கை வைக்கவே இல்லை. கூட்டத்துக்கு முன்னால் அவரே என் வீட்டுக்கு வந்தார். என் புத்தகம் முழுசா இருக்குதான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார் என்றார். பக்கம் பக்கமாகப் பார்த்து, முழுசாக இருக்கிறது என்றேன். அவர் விட்ட மூச்சு இருக்கிறதே, அதில் என் வீட்டுக் காலண்டரே ஆடியது. முப்பத்தெட்டு வருஷத்தில் என்னிடம் ஃபைல் கேட்டு வந்தவர்கள் ஆயிரம் பேர். நான் சொன்ன ஒரு வார்த்தையால் உயிர் வந்ததுபோல் ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை.

யோசித்துப் பார். முழுப் புத்தகமாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு மாதத்தில் அவர் கேட்பதை நிறுத்தியிருப்பார்.

மார்ச்சிலிருந்து அவர் பிரதியில் மட்டும், ஒவ்வொரு மாதமும் நான்கு தாள்கள், நடுவிலிருந்து எடுத்தேன். மற்ற ஒன்பது பேருக்கு இதைச் செய்து பயனில்லை, அவர்கள் படிப்பதில்லை. மார்ச் புத்தகம் ஒரு காதல் நாவல். நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து நூற்று இருபத்தொன்று. கல்யாணமே ஆகலீங்க, அடுத்த பக்கத்துல புள்ள பொறந்துடுச்சு என்று கூட்டத்தில் அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இந்தக் காலத்தில் அதெல்லாம் சகஜம் சிஸ்டர் என்று இளவரசி சொல்ல, டுடோரியல் மாடி இடிந்து விழாத குறை. அன்றும் டீ நேரத்தில் நான்தான் அவரைக் காப்பாற்றினேன். நூற்றுப் பதிமூன்று இதோ இருக்கிறதம்மா என்று காட்டினேன்.

அதன்பிறகு அவர் கூட்டத்தில் பேசவில்லை. முன்னாலேயே என் வீட்டுக்கு வந்துவிடுவார். கண்ணாடியைத் தேடும் சாக்கில் நான் புத்தகத்தோடு உள்ளே போவேன், அட்டையை மாற்றிக்கொண்டு திரும்பி வருவேன். எந்தப் பக்கத்தை இருக்கிறது என்று சொன்னேனோ, அந்தப் பக்கம் இருந்தது. இத்தனை மாதத்தில் நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நீ குறித்துக்கொள்ள வேண்டும்.

மே மாதம் ஊசி போடும் வேலையிலிருந்து தன்னை விலக்கிவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் நீங்கள் ஒரு ஊசிகூட மாற்றிப் போட்டதில்லையே என்று டாக்டர் கேட்டாராம். அதனாலதான் இப்பவே விலகிக்கிறேன் என்றாராம் இவர். நல்ல பதில். நான் மனசுக்குள் பாராட்டினேன். ஜூனில் நீ அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தாய். ஒரு குறையும் இல்லை என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கேன்லயே தெரியாத அளவுக்கு உள்ள போயிடுச்சு போல சார் என்றார். ஜூலையில் வேலையை விட்டார். இப்போது அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பத்து முறை எழுந்து போகிறார் என்று நீதான் சொன்னாய்.

நீ மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண், உனக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை. அதனால்தானோ என்னவோ உனக்கு என்மேல் சந்தேகம் வந்தது. ஜூலைப் புத்தகம் உங்கள் வீட்டுக்கு வந்த அன்றே பக்க எண்களையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் போனையும், உன் அம்மா என்னிடம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்த புத்தகத்தையும் என் முன்னால் வைத்தாய். போனில் எண்பத்தெட்டுக்கு அடுத்து தொண்ணூற்றேழு. புத்தகத்தில் எண்பத்தெட்டுக்கு அடுத்து எண்பத்தொன்பது.

“அட்டை போடுறது யாரு சார்?” என்றாய்.

“நான்தாம்மா.”

“அப்ப கழட்டுறதும் நீங்கதான்.”

நான் மறுக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன். வெட்டிய தாள்கள் எல்லாம் மாத வாரியாகத் தைத்து, தேதி போட்டு இருந்தன. நான் எதையும் தூக்கி எறிபவன் அல்ல. நீ அதைப் பார்த்தாய். டீயைத் தொடவில்லை. கத்துவாய் என்று எதிர்பார்த்தேன், நீ கத்தவில்லை.

“இந்தப் போட்டோவை எங்க அம்மாகிட்ட காட்டினேன் சார். போன்ல என்ன வேணா பண்ணலாம், மாசிலாமணி சார் அப்படிப்பட்டவர் இல்லன்றாங்க. இந்த ஃபைலைக் காட்டினா நானே தைச்சதுன்னு சொல்வாங்க. பெத்த பொண்ணு சொல்றத நம்பல. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க கையால எழுதிக் குடுங்க. அவங்க திரும்பி வேலைக்குப் போகணும்.”

நியாயமான கோரிக்கை. ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். தாள்களை வெட்டியது நான். அட்டைகளை மாற்றியது நான். சவுரியம்மாள் படித்ததெல்லாம் சரியாகவே படித்தார், இல்லை என்று சொன்ன ஒவ்வொரு பக்கமும் அவர் சொன்ன நேரத்தில் இல்லைதான். அவருடைய புத்தியில் எந்தக் குறையும் கிடையாது. ஒன்பது வருஷத்தில் எங்கள் வட்டத்துக்கு வாய்த்த ஒரே வாசகர் அவர். இப்படிக்கு, மாசிலாமணி, விழுப்புரம். தேதியும் போட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். ஏன் சொல்கிறேன் என்றால், இன்று காலை உன் அம்மா போன் செய்தார். குரல் ரொம்பத் தளர்ந்திருந்தது. சார், அமலா உங்ககிட்ட என்னமோ எழுதி வாங்கிக்கினு வர்றாளாமே, அதுல நீங்க என்ன எழுதியிருந்தாலும் நான் சரியா படிச்சேனான்னு எனக்கே தெரியாதுங்களே என்றார். நான் இல்லாவிட்டால் அவர் பாவம் யாரிடம் போய் நிற்பார்? கடிதம் கைக்கு வந்ததும் நேரே எடுத்துக்கொண்டு வாங்கம்மா, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.