இட்லிக் கொப்பரை மிஸ்ட்

முத்துமீனா: ஏங்க, தண்ணி தளதளன்னு கொதிக்குது. மூடியத் தொறக்கவா?

ஜெயபாண்டி: போன் வந்தப்பறம் தொற. இப்பவே தொறந்தா மிஸ்ட்டு வீணாப் போயிரும்.

முத்துமீனா: குல்லாவுக்குள்ள இருந்து வேர்வை ஒழுகுதுங்க. அந்த ஃபேனயாச்சும்...

ஜெயபாண்டி: ஃபேன் போட்டா கொடைக்கானல் கலைஞ்சுரும், மீனா!

முத்துமீனா: "சீசனுக்குப் போறது சாதாரண சனம். நாங்க கார்த்திகைலதான் மலையேறுவோம்"னு அளந்து விட்டீகளே... பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி இம்புட்டும் தேவையா?

ஜெயபாண்டி: மாப்பிள்ளையோட அம்மா, அந்தக் கனகலட்சுமி மட்டும்? "நாங்களும் கார்த்திகைதாண்ணே"ன்னு உடனே சொல்லலையா? நான் விட்டுக்குடுக்கணுமாக்கும்.

முத்துமீனா: மொத வளைவுலயே வாந்தி எடுத்து எறங்குன மனுசனுக்கு மலை மேல என்ன பெருமை?

ஜெயபாண்டி: அது பஸ்ஸோட கோளாறு.

முத்துமீனா: மத்த வருசமெல்லாம் கப்பலூர்ல எந்தங்கச்சி வீட்டு மாடில கெடந்துட்டு வருவோம். இந்த வருசம் அங்க வெள்ளையடிக்கிறாக. முன்னாடி பூட்டத் தொங்கவிட்டு, சொந்த வீட்டுக்குள்ளயே திருட்டுப் பூன மாதிரி...

ஜெயபாண்டி: மெதுவாப் பேசு. அந்தம்மா வீடு அடுத்த தெரு.

முத்துமீனா: அதாங்க எனக்குப் பயமே. பொண்ணு வீணை வாசிக்கும்னு சொன்னது பொய்யின்னு ஒரு சம்பந்தத்தையே முறிச்சவுக அவுக. புதன்கெழம பூ வைக்க வாராக. நம்ம தமிழ்வாணி அந்தப் பையனத்தான் மனசுல நெனச்சிருக்கா. இந்தக் கூத்து தெரிஞ்சா...

ஜெயபாண்டி: தெரியாது. ஏரி, தூண் பாறை, பூம்பாறைப் பூண்டு... எல்லாம் மனப்பாடம். என் கவலை வேற. இன்னும் அந்தம்மா வாயில சம்பந்திங்கிற வார்த்தை வரல பாத்தியா? "அதெல்லாம் பூ வச்சப்பறம்ணே"ங்குது... ஏய், போன்! வீடியோ கால்! தொற, தொற!

முத்துமீனா: ஆத்தா மீனாட்சி...

ஜெயபாண்டி: வணக்கம் தங்கச்சி! தெரியிறமா? மிஸ்ட்டு பாருங்க, எதுக்க இருக்கிற ஆளே தெரியல!

கனகலட்சுமி: வணக்கம்ணே. வணக்கம் மதினி. இங்கயும்... க்கும்... க்கும்... அப்பிடித்தாண்ணே.

ஜெயபாண்டி: இங்கயும்னா... எங்க தங்கச்சி?

கனகலட்சுமி: கொடைக்கானல்லதாண்ணே. நாங்களும் நேத்தே மேல வந்துட்டோம்ல.

முத்துமீனா: போச்சு.

கனகலட்சுமி: என்ன மதினி?

முத்துமீனா: மூச்சு, மதினி... மூச்சு முட்டுது. குளிரு.

ஜெயபாண்டி: அடடே! அப்ப சந்திச்சிருவோமே தங்கச்சி! ஆ... எதுக்குடி கிள்ற?

கனகலட்சுமி: சந்திக்கிறதா... ஆமாண்ணே... சந்திக்கணும்ல... இம்புட்டுத் தூரம் வந்துட்டு...

ஜெயபாண்டி: சந்திக்காமப் போனா நல்லாருக்குமா? ஆனா உங்களுக்குச் செரமமா இருந்தா...

கனகலட்சுமி: எங்களுக்கென்னண்ணே செரமம். உங்களுக்குத்தான் அலைச்சல்...

ஜெயபாண்டி: எங்களுக்கென்ன அலைச்சல். ஏரிக்கரைன்னா நடக்குற தூரம்... ஆனா ஒண்ணு. இந்த மிஸ்ட்டுல ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

கனகலட்சுமி: தெரியவே தெரியாதுண்ணே! அதத்தான் நானும் சொல்ல வந்தேன்!

ஜெயபாண்டி: பெறகு சாவகாசமாப் பாத்துக்குவோம். குறிஞ்சிப்பூ பாத்தீகளா? மலை பூரா பூத்துக் கெடக்கு.

முத்துமீனா: ஏங்க... அது பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் பூக்கும். இது அந்த வருசம் இல்லைங்க...

கனகலட்சுமி: பாத்தோம்ணே! நேத்துக்கூட கொஞ்சம் பறிச்சேன். என்னா வாசம்!

முத்துமீனா: பறிச்சாகளாம்ல...

கனகலட்சுமி: அண்ணே, அது என்ன சத்தம்? "விழுந்த முடி, சவுரி முடி வாங்குறது, முடிக்குப் பாத்திரம்"னு மைக்குல...

ஜெயபாண்டி: அதுவா... அது வந்து... ஆட்டு முடிங்க. இங்க ஸ்வெட்டர் பின்றவுக வீடு வீடா வந்து வாங்குவாக.

கனகலட்சுமி: ஓ... சவுரின்னும் கேட்டுச்சே?

ஜெயபாண்டி: அது... நீளமான ஆடு.

முத்துமீனா: முருகா.

ஜெயபாண்டி: சரி தங்கச்சி, சிக்னல் விட்டு விட்டு வருது. வச்சிரவா?

கனகலட்சுமி: ஆமாண்ணே, இங்கயும் அப்பிடித்தான்... க்கும்... க்கும்... வைங்கண்ணே, வைங்க.

முத்துமீனா: இருங்க, வைக்காதீக.

ஜெயபாண்டி: என்னடி, அடுப்பு வேற அணையப்போகுது...

முத்துமீனா: சத்தத்தக் கேளுங்க. முடி வண்டி நம்ம தெருவத் தாண்டிப் போயிருச்சு. இங்க கேக்கல.

ஜெயபாண்டி: நல்லதாப் போச்சு. தொலையட்டும்.

முத்துமீனா: இப்ப போன்லருந்து கேக்குது.

ஜெயபாண்டி: தங்கச்சி... அங்க என்ன சத்தம்?

கனகலட்சுமி: அது... அதாண்ணே... நீங்க சொன்னீகளே... ஆடு...

ஜெயபாண்டி: நீளமான ஆடா?

கனகலட்சுமி: ஆமாண்ணே.

முத்துமீனா: அந்தக் குல்லாவக் கழட்டுங்க. போன என்கிட்டக் குடுங்க. மதினி... என் மக வாழ்க்கை, அதனால மறைக்காமச் சொல்றேன். இவருக்கு மலை ஒத்துக்காது. நாங்க வீட்லதான் இருக்கோம். எங்க மிஸ்ட்டு இட்லிக் கொப்பரை. நீங்க இருமுற இருமலப் பாத்தா... உங்க மிஸ்ட்டு என்ன மதினி?

கனகலட்சுமி: ...சாம்பிராணி. தாளிச்சா தெருவுக்கு வாசம் போயிரும்னு நேத்துலருந்து பன்னும் தண்ணியுந்தான்... அந்தக் கொப்பரைத் தண்ணி ஆறுறதுக்குள்ள ஒரு ஈடு இட்லி ஊத்தி வைங்க. முக்காடு போட்டுக்கிட்டு உங்க பின்வாசல் வழியா வாரோம், சம்பந்தி.