கோமாளி வேஷம் இருசாயிக்கே!

மிளகு மணக்கும் கொல்லிமலைக்கு மகுடமாய், பலா பழுக்கும் நாட்டுக்குப் பாதுகாவலராய், இக்கூட்டத்தின் தலைமையை ஏற்றிருக்கும் பட்டக்காரர் அருணாசலம் அவர்களே! வளப்பூர் நாட்டின் வணங்கத்தக்க பெரியோர்களே! குண்டனி நாட்டின் குன்றாத குணவான்களே! என் பால்ய சிநேகிதரும் பரம வைரியுமான கூத்து வாத்தியார் காளியண்ணன் அவர்களே! களி கிண்டுகிற துடுப்பாலேயே கணவன்மாரையும் நேர்வழியில் நடத்துகின்ற தாய்மார்களே! செம்மேட்டுச் சந்தைக்கு வந்து, மழைக்கு ஒதுங்கி, தப்ப வழியில்லாமல் என் பேச்சில் மாட்டிக்கொண்ட மகாஜனங்களே! அனைவருக்கும் இந்தச் சுப்பையனின் சிரம் தாழ்ந்த, கரம் குவிந்த...

"மாமா, வணக்கம் சொல்லியே பொழுது சாஞ்சிருமாட்ட இருக்குதுங்க. விசயத்துக்கு வாங்க!"

கேட்டீர்களா? பெண்கள் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்த அந்தக் குரலுக்குரியவள் என் அக்காள் மகள் இருசாயி. இன்றைய வழக்கே அவள்தான். இந்த ஆண்டுத் திருவிழாக் கூத்தில் கோமாளி வேஷம் கட்டவேண்டும் என்கிறாள் இவள். பெண்பிள்ளை கூத்தில் வேஷமே கட்டக் கூடாது என்கிறார் வாத்தியார். சிதம்பரத்திலே ஒரு நாடகக் கம்பெனிக்காரர், "வா தாயே, வா" என்று வழிமேல் விழி வைத்திருக்கிறார். பட்டக்காரர் ஐயா இன்று முடியாது என்று சொல்லிவிட்டால், இவள் மலை இறங்கிவிடுவாள். இவள் புருஷன் சின்னக்கண்ணு, நம் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன், மத்தளத்தைத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருக்கிறான். கோமாளியும் போய், மத்தளமும் போனால், மிச்சம் இருப்பது என்ன? வாத்தியாரின் தொண்டை ஒன்றுதான்! அது போதுமா? தாங்குமா இந்த மலை?

ஆகவே, நடந்ததை உள்ளது உள்ளபடி உரைக்கிறேன். உரைக்கையில் கொஞ்சம் கூடலாம், குறையாது.

திருவாதிரைக்குத் தில்லைக் கூத்தனைத் தரிசிக்க நானும் வாத்தியாரும் இருசாயியும் ஆக மூவரும் புறப்பட்டபோது, பெரியவர்கள் ஒரு கட்டளையிட்டீர்கள். "சிதம்பரம் பழம்பெரும் ஊர். இப்போது பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. அங்கே பாட்டும் நாடகமும் ஆட்டமும் எங்கெங்கே எப்படி எப்படி நடக்கின்றன என்று பார்த்து வந்து சொல்லுங்கள்" என்றீர்கள். இறங்கினோம். கால் தேய்ந்து, கட்டைவண்டி ஏறி, மோட்டார் ஏறி, சேலத்திலே ரயில் ஏறினோம். ரயில் போட்ட கூச்சலைக் கேட்ட நம் வாத்தியார், "சுருதி சேரலையே" என்றார். அதற்குப் பிறகு அந்த ரயில் ஊதவேயில்லை, ஐயா!

முதலில் போனது ஒரு சங்கீத சபை. ஜமக்காளம் விரித்து, ஊதுவத்தி ஏற்றி, பாகவதர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். ஒரே வரி! அதை ஏற்றினார், இறக்கினார், இழுத்தார், வளைத்தார், மறுபடியும் அதே வரி. நம் கூத்திலே வழக்கம் என்ன? முன்பாட்டுக்காரர் ஒரு வரியில் நின்றால், அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். பின்பாட்டுக்காரர் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் வாத்தியாரின் கருணை உள்ளம் பொறுக்குமா? எழுந்தார். இந்தக் குன்றில் நின்று கூப்பிட்டால் அந்தக் குன்றில் மேயும் ஆடு திரும்பிப் பார்க்குமே, அந்தக் குரலில், பாகவதரின் வரியை வாங்கி ஒரு பின்பாட்டுப் பாடினார் பாருங்கள்! பிடில்காரர் கையிலிருந்து வில் விழுந்தது. பாகவதர் அந்த வரியை விட்டு அடுத்த பாட்டுக்கே தாவினார். சபை முழுவதும் காளியண்ணனை நன்றியோடு நோக்கியது!

"பொய்யி! பாதி சபைதான் பாத்துது!"

பார்த்தீர்களா? பாதி உண்மை என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார்!

அடுத்த நாள் பல்கலைக்கழக மண்டபம். அடடா, அதை என்னவென்று சொல்வேன்! அங்கே மாணவர்கள் ஒரு ஆங்கில நகைச்சுவை நாடகம் போட்டார்கள். கூட்டம் அடிக்கடி சிரித்தது. இருசாயி பக்கத்திலிருந்த அம்மாளிடம் கேட்டாள், "எதுக்குங்க சிரிக்கறீங்க?" அந்த அம்மாள் சொன்னாள், "எனக்குத் தெரியாது. முன்வரிசை சிரிச்சா நாங்களும் சிரிப்போம்." முன்வரிசை யாரைப் பார்த்துச் சிரித்தது? நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு துரையைப் பார்த்து. துரையின் மீசை அசைந்தால் முன்வரிசை சிரிக்கும். முன்வரிசை சிரித்தால் மண்டபம் சிரிக்கும். கடைசியில் துரைக்குத் தும்மல் வந்தது, ஐயா. தூண்கள் நடுங்கச் சிரித்தார்கள்!

மூன்றாம் நாள்தான் நாடகக் கொட்டகை. நாட்டைப் பறிகொடுத்த ராணி, பிள்ளையோடு காட்டிலே அலைகிறாள். "ஐயோ, பசிக்கிறதே! ஒரு பிடி அன்னம் தருவார் இல்லையோ!" என்று கதறுகிறாள். கொட்டகை முழுவதும் கண்ணீர். இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். நம் கூத்திலே, பசிக்கிறது என்று வேஷக்காரன் முந்தானை ஏந்தினால், கையில் இருப்பதைக் கொடுக்காமல் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்களா? கொடுக்காதவர் அடுப்பில் சாமை வேகாது என்று நம் முன்னோர் சொல்லவில்லையா?

இருசாயி வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். "மாமா, இத்தன பேரு அழுவறாங்க. ஒருத்தருமே சோத்து மூட்டையை அவுக்க மாட்டீங்கறாங்களே!" என்றாள். நான் பதில் சொல்லுமுன், அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டாள்.

"சாப்புடு கண்ணு" என்று ராணியின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பெண் வேஷம் கட்டியிருந்த அந்த ஆணுக்கு, அவசரத்தில் அன்று சவரம் ஆகவில்லை. "ஏனுங்க ராணியம்மா, பசியில உடம்பெல்லாம் எளச்சுப்போச்சு, தாடி மட்டும் நல்லா வெளஞ்சிருக்குதே! அதுக்கு என்ன எரு போட்டீங்க?"

கொட்டகை குலுங்கியது! அந்தச் சமயம் பார்த்து ராஜா வந்தான். விட்டாளா? "பொண்டாட்டி புள்ள பட்டினி. உங்களுக்குச் சரிகைத் தலப்பா ஒரு கேடுங்களா? அதை வித்தா ஊருக்கே களி கிண்டலாம்!" ராஜா வசனத்தை மறந்தான். படுதாவை இழுத்துவிட்டார்கள். இழுத்த படுதாவுக்கு இந்தப் பக்கம் இருசாயி மட்டும்! எதிரே சமுத்திரம் போல் ஜனம். நானாக இருந்தால் படுதாவைப் பிடித்து ஏறித் தப்பியிருப்பேன். இவளோ முன்வரிசைப் பெரிய மனிதர்களைப் பார்த்துக் கேட்டாள். "துண்டு நனையற அளவுக்கு அழுதீங்களே, சாமி, கை மட்டும் ஏனுங்க மடியிலயே கெடந்துது?"

முதலில் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவனைத் தொடர்ந்து நடுவரிசை. கடைசியாக, யாருடைய மீசையையும் பார்க்காமல், தங்களை நினைத்துத் தாங்களே முன்வரிசையும் சிரித்தது! கம்பெனிக்காரர் ஓடி வந்து, "எங்களோடு வந்துவிடு, தாயே" என்றார். இவள் சொன்ன பதில் ஒன்றே. "எங்க மலையில ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானுங்க."

கேட்க வந்திருக்கிறாள். என்ன சொல்லப் போகிறீர்கள்?

"சுப்பையா, கோமாளின்னா கூட்டத்தையே ஏசோணும். பட்டக்காரரையே நேருக்கு நேர் கேலி பண்ணோணும். ஒரு பொம்பள அதைப் பண்ணுனா மரியாதை என்னாகறது?"

நியாயமான கேள்வி, வாத்தியாரே! அந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு தூரம் மூச்சைப் பிடித்து வந்தேன். சிதம்பரத்தில் மண்டபம் பெரிது, விளக்கு பெரிது, படுதா பெரிது. ஆனால் சிரிப்பதற்கு அங்கே துரையின் மீசை உத்தரவு தரவேண்டும். நம் மலையில் மண்டபம் உண்டா? இல்லை. படுதா உண்டா? இரண்டு பேர் பிடிக்கிற ஒரு வேட்டி! ஆனாலும், தலைவனை எதிரே நிறுத்திக் கேலி செய்ய ஒருவருக்கு உரிமை கொடுத்து, அதைக் கேட்க ஊரையும் உட்கார வைத்தார்களே நம் முன்னோர், அது அவமரியாதையா? கேலியைத் தாங்குகிற தோள்தான் தலைமையைத் தாங்கும் என்ற தைரியமல்லவா அது! அந்த உரிமைக்கு வேண்டியது வாய். மீசை இருந்தால்தான் வாய் இருக்குமா? மீசை இருந்தால்தான் மதி இருக்குமா? மீசைதான் வேண்டுமென்றால், கரி இருக்கிறது, வரைந்துகொள்வாள்!

சற்றுப் பொறுங்கள்... பட்டக்காரர் ஐயா கையை உயர்த்துகிறார்.

"ஏம்மா இருசாயி, என்னையும் கேலி பண்ணுவியா?"

"பண்ணுவேனுங்க."

"என்னன்னு?"

"போன வருசம் கரடி வந்துதுன்னு ஊரே ஓடறப்ப, 'யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்'னு ஒரு குரல் கேட்டுதுங்க. எங்கிருந்துன்னு பாத்தா, பலாமரத்து உச்சியில இருந்துங்க!"

ஐயையோ! மகாஜனங்களே, யாரும் மூச்சுவிடாதீர்கள்... பட்டக்காரர் முகம் சிவக்கிறது... தோள் குலுங்குகிறது... கோபமா? ஆகாயகங்கை அருவியே மேல்நோக்கிப் பாய்ந்தாலும் சிரிக்காத எங்கள் ஐயா... சிரிக்கிறார், ஐயா, சிரிக்கிறார்! வாத்தியாரும் துண்டால் வாயை மூடுகிறார்! மூடாதீர்கள், வாத்தியாரே! என்ன சொல்கிறீர்கள்?

"காலையில பாட்டுப் பழக வரச் சொல்லு. நேரத்துக்கு வரோணும்!"

கேட்டதா? ஐயா, தீர்ப்பைத் தங்கள் வாயாலேயே தாருங்கள். அமைதி! அமைதி!

"உச்சி இல்ல இருசாயி, நான் ஏறுனது பாதி மரந்தான். கூத்துல சொல்றப்பச் சரியாச் சொல்லு."

வாழ்க பட்டக்காரர்! வளர்க கொல்லிமலை! சின்னக்கண்ணு, மத்தளத்தை அவிழடா! கேட்டவர்களுக்கும், மழைக்காகவே நின்றவர்களுக்கும், இனி ஆண்டுதோறும் என் மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிற அனைவருக்கும், முன்கூட்டியே என் ஆறுதலும், நன்றியும், அன்பு வணக்கமும்!