கல்யாண நாள் பூட்டு

— அந்த மோட்டாரை முதல்ல நிறுத்து மாப்ளே! நான் கத்தறது எனக்கே கேக்கலை.

— படகு பாதித் தண்ணியில நிக்குது அத்தான். இப்ப நிறுத்தினா வந்த வழியே ஓடிடும். இருங்க, ரெண்டே நிமிஷம்.

— ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னே ஒரு மணி நேரத்தை முழுங்கிட்ட. பதினோரு மணிக்கு இடத்தை வாங்கற ஹோட்டல்காரர் வர்றாரு. அதுக்குள்ள இந்தப் பேப்பர்ல உன் கையெழுத்து வேணும்.

— கையெல்லாம் கிரீஸு.

— கிரீஸோடவே போடு. இன்னும் நல்லா ஒட்டும்.

— ஆங்... ஏறிடுச்சு. சக்கரத்துக்குக் கட்டை வச்சாச்சு. இப்ப சொல்லுங்க, என்ன பேப்பர்?

— சாட்சிப் பேப்பர். மேல ரோட்டுலேருந்து கீழ படகு இழுக்கற உன் வின்ச் வரைக்கும் இருக்கற இந்தச் சந்து என் சொந்தம், ஊர்ப் பொது இல்லைன்னு நீ சாட்சி சொல்லணும்.

— அது தெரிஞ்ச கதைதானே. உங்கப்பா சந்து, எங்கப்பா வின்ச். எங்க அக்காவை உங்களுக்குக் கட்டிக் கொடுத்தப்பவே ரெண்டும் சம்பந்தி ஆயிடுச்சு. இதுல சாட்சி எதுக்கு?

— ஹோட்டல்காரரோட வக்கீலுக்கு நம்ம சம்பந்தமா தெரியும்? சட்டத்தைச் சொல்றேன் கேளு. இருபது வருஷம் ஜனங்க தடையில்லாம நடந்துட்டா, வழி ஜனங்களுக்குப் போயிடும். ஆனா வருஷத்துல ஒரே ஒரு நாள் சந்து முனையில இருக்கற கேட்டைப் பூட்டிட்டா போதும். மிச்ச நாள் நடந்ததெல்லாம் என் தயவுல நடந்ததுன்னு ஆயிடும். எங்கப்பா எனக்கு மட்டும் காதுல சொல்லிட்டுப் போன வித்தை இது.

— ஓஹோ. அதுக்குத்தான் வருஷா வருஷம் பூட்டினீங்களா?

— பின்ன, பூட்டு துருப்பிடிக்காம இருக்கறதுக்கா? தேதி மறக்கக் கூடாதுன்னு கல்யாண நாளையே வச்சுக்கிட்டேன். விடியக்காலைல பூட்டுவேன், உங்க அக்காவைக் கார்ல ஏத்திக்கிட்டு வெளியூர் போவேன், ராத்திரி வந்து திறப்பேன். ஒரே பெட்ரோல்ல ரெண்டு வேலை!

— அக்காகிட்ட இதை இப்படியே சொல்லியிருக்கீங்களா?

— ஏன், என் தலை கழுத்து மேல இருக்கறது உனக்குப் பிடிக்கலையா? கடல் பார்க்கற மாதிரியே முகத்தை வச்சுக்கிட்டு நிக்காதே. போடு கையெழுத்தை.

— இருங்க அத்தான். நீங்க வித்துட்டா படகுங்க எப்படி மேல வரும்? ஐஸ் வண்டி எப்படிக் கீழ போகும்? மீன் கூடைக்காரங்க எந்த வழியா நடப்பாங்க?

— வடக்கால ஒரு சந்து இருக்குல்ல?

— அது இப்ப கார் நிறுத்தற இடம்.

— டாக்டர் வீட்டு ஓரமா?

— சுவர் எழுப்பியாச்சு, மேல கண்ணாடிச் சில்லு. பழைய ஐஸ் கம்பெனி வழியில பத்து மாடி நிக்குது. அங்க கடல்ல இறங்கணும்னா முதல்ல லிஃப்ட்ல ஏறணும். இது ஒன்னுதான் பாக்கி அத்தான். நாப்பது படகும் இந்த ஒத்தைத் தொண்டையிலதான் மூச்சு விடுது.

— யாரையும் விரட்டப் போறதில்லைப்பா. கடலைப் பார்க்கறதுக்கு அழகா மேடை கட்டித் தராங்களாம். ஞாயித்துக்கிழமை டிக்கெட்டே கிடையாது.

— கடல் என்ன கண்காட்சியா? மேடையில நின்னு கையாட்டினா மீன் படியேறி வருமா? அது கிடக்கட்டும், மேல உங்க கடை? இன்ஜினுக்கு ஸ்பேர் வாங்கறது யாரு, ஹோட்டல்ல தங்கறவங்களா?

— கடையும் சேர்த்துத்தான் பேசியிருக்கேன். எனக்கும் முட்டி தேஞ்சு போச்சு மாப்ளே, இனிமே கல்லாவுல உக்காந்து எழுந்திருக்க முடியலை. உன்னையும் அம்போன்னு விட்டுடலை. ஹோட்டல் வாசல்ல அழகுக்கு ஒரு படகு வைக்கப் போறாங்க. அதைப் பார்த்துக்கற வேலை உனக்கு. யூனிஃபார்ம், தொப்பி, மாசம் பொறந்தா சம்பளம்.

— தண்ணியே தொடாத படகுக்கு நான் மெக்கானிக்கா? பொணத்துக்கு முடிவெட்டற மாதிரி இருக்கு.

— நல்லதுதானே? தலையை ஆட்டாது, குறையும் சொல்லாது.

— தொப்பி என்ன கலரு?

— பாத்தியா, பேரத்துக்கு இறங்கிட்ட! அதான் நம்ம குடும்பம்... இரு, உங்க அக்கா கூப்பிடறா. ஹலோ... ஆங், கீழதான் இருக்கேன், உன் தம்பிகூடத்தான்... இல்லம்மா, இந்த வருஷம் மட்டும் வேண்டாமே, தலைக்கு மேல வேலை... சரி... சரி, மூக்கை உறிஞ்சாதே, போலாம். வியாழக்கிழமை விடியக்காலைல. ஆமா, இருட்டினப்புறம்தான் திரும்பறோம். சத்தியமா. வச்சிடு.

— இந்த வருஷமுமா?

— விட மாட்டேங்கறாளே! இருபத்திரண்டு வருஷம் ஆகப் போகுது, இன்னும் புதுப்பொண்ணு மாதிரி அடம். ஒரு தடவை மத்தியானமே ஊருக்குத் திரும்பலாம்னு வண்டியை எடுத்தேன். அவ்வளவுதான், தலை சுத்துதுன்னு ஓட்டல் ரூம்லயே படுத்துட்டா. சாயங்காலம் ஆனதும்தான் தெளிஞ்சுது. ஊர்ல எத்தனை புருஷனுக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை, சொல்லு?

— கொடுப்பினைதான் அத்தான்.

— எதுக்குச் சிரிக்கற? பேனாவைப் பிடி.

— படிச்சுட்டுத்தான் போடுவேன். “ஒவ்வோர் ஆண்டும் மேற்படி நாளில் கதவு பூட்டப்பட்டது. அன்று முழுவதும் அவ்வழியே ஒருவரும் செல்லவில்லை என்பதை நேரில் கண்டேன்.” ம். முதல் வரி சரி.

— ரெண்டாவது வரிக்கு என்ன வந்துச்சு?

— வருஷத்துலேயே அன்னைக்குத்தான் அத்தான் இங்க கூட்டம் ஜாஸ்தி. பெரிய படகையெல்லாம் அந்த நாளுக்குன்னே எடுத்து வச்சிருப்பாங்க. “சுவத்துல உரசாதே, வண்டியை ஒதுக்கு”ன்னு மேலேருந்து கத்த ஆளில்லை பாருங்க.

— விளையாடாதே. ஹோட்டல்காரர் பாலத்தைத் தாண்டிட்டாருன்னு மெசேஜ் வந்துடுச்சு. சீக்கிரம் போடு.

— நான் எதுக்கு விளையாடறேன்? எந்தப் படகு எந்தத் தேதி ஏறுச்சுன்னு வின்ச் நோட்டு இதோ. புரட்டுங்க. உங்க கல்யாண நாள் இருபத்தோரு தடவை இருக்கு. ஒரு வருஷம் அஞ்சு படகு, ஒரு வருஷம் ஏழு.

— அடப்பாவி! பூட்டை உடைச்சியா?

— பூட்டுல ஒரு கீறல் இருந்தாக் காட்டுங்க.

— அப்ப கள்ளச்சாவி போட்டிருக்க!

— நல்ல சாவியே வீடு தேடி வரும்போது கள்ளச்சாவி எதுக்கு அத்தான்?

— நல்ல சாவி என் இடுப்புல தொங்குதுடா. குளிக்கறப்பகூட கழட்டினதில்லை. பூட்டோட வந்த இன்னொன்னு பத்திரமா எங்க பீரோவுக்குள்ள இருக்கு. அந்த பீரோ சாவியை உங்க அக்காவைத் தவிர யாரும்...

— சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?

— ச்சே, இருக்காது.

— மேல ஹார்ன் சத்தம் கேக்குது. வந்துட்டாரு போல.

— வரட்டும், நிக்கட்டும்! அவ எப்படிடா திறந்திருப்பா? நாள் பூரா என்கூடத்தானே இருந்தா? விடிஞ்சதுலேருந்து இருட்டற வரைக்கும் என்னை ஒரு அடி நகர விட்டதில்லையே அவ!

— அதேதான் அத்தான். கேட்டைத் திறந்து, இருட்டினதும் மறுபடி பூட்டி வைக்கறது என் பங்கு. அது வரைக்கும் உங்களை நகர விடாம வச்சிருக்கறது அக்கா பங்கு.