டென்பி பேசாத இடம்

டங்கன்: …அதைத்தான் நானும் சொல்றேன், ஹிலரி. ரீஸ் நல்ல பையன். நல்ல நடிகன். ஆனா டென்பி இல்லை.

ஹிலரி: முப்பது வயசு ஆளைப் பையன்னு சொல்லாதே. உன்னை உளவாளி டென்பியா நடிக்கப் போட்டப்ப உனக்கும் அந்த வயசுதான்.

டங்கன்: நான் பொறக்கும்போதே கிழவன். சர்க்கரை போடவா?

ஹிலரி: இத்தனை வருஷமா எனக்கு டீ போடறே. இன்னும் கேக்கறே.

டங்கன்: நீ படத்துக்கு ஒரு டாக்டரை மாத்தறே, ஒவ்வொருத்தரும் சர்க்கரைக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் என்ன செய்ய… இந்த மழையில லண்டன்லேர்ந்து இவ்வளவு தூரம் வரணுமா முதலாளியம்மா? யாரை எடுக்கறோம்னு போன்லயே சொல்லியிருக்கலாம்.

ஹிலரி: போன்ல சொல்ற விஷயம் இல்லை.

டங்கன்: அப்போ அந்தக் கேக்கை வெட்டு. வெறும் வயித்துல கெட்ட சேதி கேட்டா எனக்கு ஆகாது.

ஹிலரி: பணம் போடறவங்க எல்லாத்தையும் புதுசா கேக்கறாங்க. புது டென்பி, அவன் உளவு வேலையில சேர்ற முதல் நாள்லேர்ந்து கதை…

டங்கன்: தெரியும். என்னைச் சாகடிக்கக்கூட இல்லை. நான் இருந்ததே இல்லைன்னு ஆரம்பிக்கறாங்க. போன படத்துலயே ஒரு குண்டைப் போட்டு முடிச்சிருக்கலாம். ஒரு மரியாதையா இருந்திருக்கும்.

ஹிலரி: உனக்கு முன்னாடி டென்பியா இருந்தவங்களும் அப்படித்தானே போனாங்க.

டங்கன்: அவங்க போனப்ப நான் சிரிச்சேன்.

ஹிலரி: …அன்னைக்கு நடிப்பு டெஸ்ட்ல ரீஸுக்கு என்ன ஆச்சு? உன் வாயால சொல்லு.

டங்கன்: நீயும்தானே இருந்தே.

ஹிலரி: நான் பக்கத்து அறையில இருந்தேன். நீ எதிர்ல இருந்தே.

டங்கன்: இந்தப் படங்களை ஆரம்பிச்ச உங்க அப்பா பண்ணி வெச்ச வழக்கம். டென்பியா வரப்போறவன் ஹோட்டல் ரூம் சீனை நடிச்சுக் காட்டணும், எதிரியா உக்கார்றது போகப்போற டென்பி… அந்த மனுஷனுக்கு ஈவிரக்கமே கிடையாது.

ஹிலரி: வேண்டாம்னா விட்டுடுன்னு உன்கிட்ட சொன்னேன்.

டங்கன்: சொன்னே. நான்தான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

ஹிலரி: சரி, சீனுக்கு வா.

டங்கன்: டென்பி ரூமுக்குள்ள வர்றான். நான் நாற்காலியில இருக்கேன். 'இதுவரைக்கும் எத்தனை பேரைக் கொன்னிருக்கே?'ங்கறேன். அவன் பேசக்கூடாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் சும்மா நிக்கலாம். அப்புறம் நான் 'கணக்கு மறந்துடுச்சா?'ங்கணும். அவன் 'பேர் தெரிஞ்சவங்களை மட்டும் சொல்லவா?'ங்கணும். அவ்வளவுதான் சீன். அந்தப் பேசாத இடத்துலதான் டென்பி இருக்கான். ரீஸ் அங்கே தடுமாறிட்டான். எல்லா டேக்லயும்.

ஹிலரி: தடுமாறினான்.

டங்கன்: ஆமா… ஏன் அப்படிப் பாக்கறே?

ஹிலரி: நேத்து அந்தப் பதிவைப் போட்டேன். படம் இல்லாம, சத்தம் மட்டும்.

டங்கன்: இன்னொரு துண்டு கேக் வெட்டவா?

ஹிலரி: உன் டீ ஆறுது. குடி.

டங்கன்: எதுக்குப் போட்டே?

ஹிலரி: நீ கேள்வி கேக்கறே. அவன் பேசாம நிக்க ஆரம்பிக்கறான். மூச்சுகூட விடலை, அதுக்குள்ள 'கணக்கு மறந்துடுச்சா?'ன்னு நீ உள்ள பூந்துடறே. ஒவ்வொரு டேக்லயும். டெஸ்டுக்கு வந்த மத்தவங்களுக்கெல்லாம் காத்திருந்தே. அந்த மீசைக்காரன் தூங்கிட்டானோன்னு நினைச்சேன், அவனுக்குக்கூட காத்திருந்தே.

டங்கன்: அவங்களுக்குக் காத்திருக்கறதுல எனக்கு என்ன நஷ்டம்?

ஹிலரி: ரீஸுக்கு?

டங்கன்: …உள்ள வந்தான். என்னைப் பார்த்தான். கையில இருந்த ரூம் சாவியை மேசைமேல வெச்சான். சத்தமே வரலை. தூங்கற குழந்தை பக்கத்துல வைக்கற மாதிரி. அவ்வளவுதான் செஞ்சான். அத்தனை படம் நடிச்சும் எனக்கு அது தோணலை, ஹிலரி. இவன் வந்தா ஒரே வருஷத்துல என்னை எல்லாரும் மறந்துடுவாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஹிலரி: அதனால குறுக்க பேசிட்டே.

டங்கன்: முதல் தடவை வேணும்னு செய்யலை. வாய் தானா வந்துடுச்சு.

ஹிலரி: ரெண்டாவது தடவை?

டங்கன்: …வேணும்னுதான்.

ஹிலரி: ம்.

டங்கன்: உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லவா? என் டெஸ்ட்ல உங்க அப்பா எழுந்து நின்னு கை தட்டினாரே, என் மௌனத்துக்கு… அது மௌனமே இல்லை. பயத்துல உறைஞ்சு நின்னுட்டேன். எதிர்ல எனக்கு முந்தின டென்பி, கிழவர் லயனல். அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசியிருந்தா நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் காத்திருந்தார். நான் பயந்து நின்னது டென்பியா மாறுற வரைக்கும் காத்திருந்தார். தன் நாற்காலியைப் பிடுங்க வந்தவனுக்காக.

ஹிலரி: ரீஸுக்குக் குறுக்க பேசினதை என்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லலை?

டங்கன்: எப்படிச் சொல்ல? பொறாமையில ஒருத்தன் பொழைப்பைக் கெடுத்துட்டேன்னா? வெக்கமா இருந்துச்சு. போகும்போது கை குடுத்தான், ஹிலரி. 'நீங்க எதிர்ல உக்காந்ததே பெரிய விஷயம் சார்'னான். அதுலேர்ந்து சரியா தூக்கம் இல்லை. அவனையே கூப்பிடு. நானே வந்து உக்கார்றேன். விடியற வரைக்கும் அவன் பேசாம நின்னாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

ஹிலரி: நேத்தே கூப்பிட்டேன்.

டங்கன்: வர்றானா?

ஹிலரி: கார்டிஃப்ல ஒரு டி.வி. தொடர். ஆஸ்பத்திரிக் கதை. கையெழுத்துப் போட்டுட்டானாம்.

டங்கன்: அதெல்லாம் உன் வக்கீலுங்க பாத்துக்க மாட்டாங்களா?

ஹிலரி: அதையும் சொன்னேன். வேண்டாம்னுட்டான். 'டங்கன் சாருக்கே நான் அமைதியா நின்னது தெரியலைன்னா எனக்குள்ள டென்பி இல்லைன்னுதானே அர்த்தம் மேடம்'னான்.

டங்கன்: என்னைத் திட்டலையா?

ஹிலரி: உன்மேல அவனுக்குச் சந்தேகமே வரலை. தன்னைத்தான் நொந்துக்கறான்.

டங்கன்: கடவுளே… அப்போ யாரு?

ஹிலரி: மீசைக்காரன். வெள்ளிக்கிழமை அறிவிக்கறோம். மீசையை எடுத்துடுவான்.

டங்கன்: எடுத்தா மட்டும்?

ஹிலரி: கேக்கைச் சாப்பிடு.

டங்கன்: ரீஸ் நம்பரைக் குடு. வேலை போனது போனதுதான், அவன் தப்பு இல்லைங்கறதாவது அவனுக்குத் தெரியணும். நான் சொல்லிடறேன்.

ஹிலரி: சொல்லு. சொல்லத்தான் வேணும். அப்புறம் போனை என்கிட்ட குடு, நானும் சொல்லணும்.

டங்கன்: நீ எதுக்கு?

ஹிலரி: தப்பு உன்னோடது மட்டும் இல்லை.

டங்கன்: ஹிலரி, நீ என்ன செஞ்சே?

ஹிலரி: பதிவை நேத்துதான் கேட்டேன்னு சொன்னது பொய். அன்னைக்கே ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். அந்தச் சாவியை நானும் பார்த்தேன். நீ பூந்ததும் முதல் டேக்லயே தெரிஞ்சுடுச்சு. 'நிறுத்து டங்கன், அவனை விடு'ன்னு மைக்ல சொன்னா போதும், மைக் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அவன் தேறலைன்னா உன்னையே இன்னொரு படத்துக்கு வெச்சுக்கலாம், ஜெயிச்சுட்டா நாளையிலேர்ந்து நீ என் செட்டுல இருக்க மாட்டேங்கறது மட்டும்தான் மனசுல ஓடிச்சு… நானும் பேசாமதான் இருந்தேன்.